கழற்றும் முன் சோதியுங்கள்: பழைய டீசல் பிக்கப்பின் அறிவியல்

விடியுமுன் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வந்து சேரும் வண்டிகளில் பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த டீசல் பிக்கப்புகளை இன்றும் பார்க்கலாம். 1988-இல் டாடாவின் டெல்கோ நிறுவனம் கொண்டுவந்த டாடாமொபைல் 206-இன் வழியில் வந்த டாடா 207, மஹிந்திராவின் பிக்கப்புகள் எனத் தமிழகத்தின் தக்காளியும் வாழைத்தாரும் சிமெண்டு மூட்டையும் ஏறிவந்த வண்டிகள் இவை. ஒரு வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் நிற்கும். அந்த அவசரத்தில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் புது பேட்டரி போடுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள், பிறகு பம்பை கேலிபரேஷனுக்கு அனுப்புகிறார்கள், கடைசியில் இன்ஜினையே இறக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஆயிரங்கள் கரைகின்றன. முடிவில் பார்த்தால் டீசல் குழாயின் இணைப்பில் ஒரு காப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். பழைய டீசல் இன்ஜினில் எந்தப் பாகத்தையும் ஊகத்தின்பேரில் மாற்றக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த இன்ஜின் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இயற்பியல் விதிகளின்மீது நிற்கிறது. அந்த விதிகள் காட்டும் வரிசையில், செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கிப் போனால், கோளாறு தானாகவே தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. எரிபொருளைப் பற்றவைப்பது அழுத்தப்பட்ட காற்றின் சூடு மட்டுமே. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே விதிதான் இங்கே பல மடங்கு தீவிரமாக வேலை செய்கிறது. பெட்ரோல் இன்ஜின் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது என்றால், டீசல் இன்ஜின் அதைப் பதினேழில், இருபதில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. அப்போது காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. டீசல் தானாகத் தீப்பற்ற 210 முதல் 250 டிகிரி வரை போதும். அந்தச் சூட்டுக்குள் பனிபோல் பீய்ச்சப்படும் டீசல் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் எரியத் தொடங்குகிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இந்த முறையை ஓட்டிக் காட்டியபோது, எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குமேல் வேலையாக மாறியது. அக்காலத்து நீராவி இன்ஜின்கள் நெருங்க முடியாத அளவு அது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. போதிய காற்று, போதிய அழுத்தம், சரியான நேரத்தில் சரியாகத் தூவப்பட்ட டீசல் ஆகிய மூன்றும் இருந்தால் டீசல் இன்ஜின் ஓடியே தீரும். ஓடவில்லை என்றால் மூன்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. கோளாறு தேடுவது என்றால் அது எது என்று கேட்பதுதான்.

இந்த மூன்றில் டீசலின் அளவு எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 207-இல் வந்த டாடா 497 எஸ்பி இன்ஜின் நான்கு சிலிண்டர் கொண்டது, 2956 சிசி. வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர் செலவாகும். இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து அந்த ஒரு மணி நேரத்தில் 2 லட்சத்து 40 ஆயிரம் முறை டீசல் பீய்ச்சப்பட வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு முறைக்கு 25 கன மில்லிமீட்டர், அதாவது ஒரு சொட்டில் பாதி. அந்தப் பாதிச் சொட்டைத்தான் பம்பு ஒவ்வொரு தடவையும் பிசகாமல் அளந்து, நூறு முதல் இருநூற்றைம்பது பார் வரையிலான அழுத்தத்தில் நாசிலைத் திறந்து உள்ளே அனுப்புகிறது. இதற்காகப் பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே விடப்படும் இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல பத்து மடங்கு. பாஷ் நிறுவனம் 1927-இல் இத்தகைய பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் இன்ஜின் லாரிக்கும் காருக்கும் பரவலாக வந்தது. 1951-இல் தொடங்கப்பட்ட, பாஷின் இந்தியக் கிளையான பெங்களூரு மைக்கோ வழியாக அந்த நுட்பம் நம் ஊர்ப் பம்பு கடைகள்வரை வந்து சேர்ந்தது. இவ்வளவு நுட்பமான பாகத்தைச் சந்தேகத்தின்பேரில் கழற்றிப் பிரிப்பதால் வரும் கெடுதல் சில சமயம் முதலில் இருந்த கோளாறைவிடப் பெரிதாகிவிடும். பம்பு கடைசியாகத் தொடவேண்டிய பாகம்.

அப்படியானால் எதை முதலில் தொடுவது? ஸ்டார்ட்டிங் கோளாறையே எடுத்துக்கொள்வோம். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறதா, சோம்பலாகச் சுற்றுகிறதா என்பதே முதல் கேள்வி. மெதுவாகச் சுற்றினால் அழுத்தப்பட்ட காற்றுக்கு ரிங்குகளின் ஓரமாகக் கசியவும், தன் சூட்டைச் சிலிண்டர் சுவருக்கு இழக்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. டீசல் பற்றும் வெப்பநிலை வராமலே போகும். நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றாவது வேண்டும். சுற்று குறைந்தால் உடனே பேட்டரியைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் மூன்று லிட்டர் டீசல் இன்ஜினைச் சுற்ற 300 ஆம்பியர் ஓடுகிறது என்றால், வழியில் ஒரு ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். பூப்பிடித்த பேட்டரி முனையும், துருவேறிய பாடி எர்த் ஒயரும் அந்த அளவு தடையைச் சாதாரணமாகக் கொடுக்கும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இதைச் சொல்லிவிடும். ஒரு ஊசியைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றொன்றை இன்ஜின் பிளாக்கின் வெற்றிரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் ஒயர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் வேலை முடிந்தது. பேட்டரியின் இரு கம்பங்களுக்கும் இடையே அளந்து, செல்ஃப் அடிக்கையில் 10 வோல்ட்டுக்கும் கீழே விழுகிறது என்றால்தான் பேட்டரியின் பக்கம் திரும்ப வேண்டும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனாலும் பற்றவில்லை என்றால் அடுத்த கேள்வி, சைலன்சரில் புகை வருகிறதா என்பது. செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. வெண்புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. இந்த ஒரே பார்வையில் கோளாறின் பரப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது. டீசல் போகாத நிலைக்கு மிகச் சாதாரணக் காரணம், லைனில் ஏர் பிடித்துக்கொள்வது. இதில் பலரையும் ஏமாற்றுவது ஒரு எளிய இயற்பியல் உண்மை. டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. எனவே அந்தப் பகுதியில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஈரமே இல்லாததால் லீக் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரவில் வண்டி நிற்கும்போது அந்தக் காற்று மேலேற, டீசல் டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் உயிர் வருகிறது, ஒருமுறை ஓடிய பின் நாள் முழுக்கத் தொல்லை இல்லை. இந்த அடையாளம் தெரிந்தால் பம்பின்மேல் சந்தேகம் வராது. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி இன்ஜினை ஓடவிட்டால், காற்றுக்குமிழிகள் கண்ணெதிரே ஓடும். இணைப்புகளைப் பின்னிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தால், வெடித்த ரப்பர் ஹோசோ நசுங்கிய காப்பர் வாஷரோ பிடிபடும்.

இதற்கு உறவான இன்னொரு கோளாறு, சில கிலோமீட்டர் ஓடியபின் வண்டி இழுவை குறைந்து நின்றுபோவதும், சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுவதும். இன்ஜின் சூடாகிறது, பம்பு பலவீனம் என்றெல்லாம் பேச்சு எழும். ஆனால் காரணம் டேங்க் மூடியில் இருக்கலாம். டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று டேங்குக்குள் நுழைய வேண்டும். மூடியிலுள்ள சிறு துளை தூசியால் அடைந்துபோனால் டேங்கில் வெற்றிடம் உருவாகி, ஃபீட் பம்பு அதற்கு எதிராக இழுக்க முடியாமல் தோற்கிறது. வண்டி நின்ற அந்த நொடியில் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும் சத்தம் கேட்டால் கோளாறு அகப்பட்டுவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. அதேபோல, சாவியைத் திருப்பும்போது பம்பின்மேல் உள்ள ஸ்டாப் சோலினாய்டில் ‘டிக்’ என்ற சத்தம் கேட்கிறதா என்பதும் செலவில்லாத சோதனை. அதற்கு வரும் 12 வோல்ட் ஒயர் அறுந்திருந்தால், எவ்வளவு நல்ல பம்பும் ஒரு சொட்டு டீசலைக்கூட அனுப்பாது.

ஓடுகிற இன்ஜினின் புகை மேலும் விவரமாகப் பேசும். கரும்புகை என்பது எரியாத கார்பன். உள்ளே போன டீசலுக்குக் காற்று போதவில்லை என்று பொருள். ஒரு கிலோ டீசல் முழுதும் எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் டீசலும் காற்றும் கலக்க அவகாசம் குறைவு என்பதால், புகையில்லாமல் எரிய நடைமுறையில் அதைவிடக் கூடுதலான காற்று எப்போதும் தேவைப்படுகிறது. ஏர் ஃபில்டர் அடைந்தாலும், டர்போ உள்ள வண்டியில் அதன் ஹோஸ் கிழிந்தாலும், நாசில் தூவாமல் ஒழுகினாலும் கரும்புகை வரும். வெண்புகை இருவகைப்படும். கண்ணை எரிக்கும் டீசல் நெடியோடு வந்தால் அது பற்றாத டீசல். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினாக இருந்தால் பிளக், பிறகு பம்பின் டைமிங், பிறகு கம்ப்ரஷன் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நெடியில்லாத நீராவியாக விடாமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். ஸ்டார்ட் செய்தவுடன் குப்பென்று வந்து மறைந்தால் வால்வு சீல், பாரம் இழுக்கையில் தொடர்ந்து வந்தால் ரிங், டர்போ வழியாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. எந்த நேரத்தில், எந்தப் பாரத்தில், என்ன நெடியோடு என்று கேட்டால்தான் புகை முழு விவரத்தைக் கொடுக்கும்.

நான்கில் எந்தச் சிலிண்டர் சுணங்குகிறது என்று கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. மெக்கானிக்கல் பம்பு வண்டியில், இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது நாசிலுக்கு வரும் ஹை பிரஷர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச்சுற்றுத் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் அதற்கு டீசல் தடைப்பட்டு இன்ஜின் தடுமாறும், ஒலி மாறும். எதைத் தளர்த்தும்போது இன்ஜினில் எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பிறகு அதன் நாசிலை நன்றாக ஓடும் மற்றொரு சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றிப் பார்த்தால், கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்பது தெரியும். மாறினால் நாசில், மாறாவிட்டால் பெரும்பாலும் வால்வோ ரிங்கோ. அதன் பிறகே கம்ப்ரஷன் கேஜை எடுக்க வேண்டும். ஆரோக்கியமான டீசல் இன்ஜின் பொதுவாக 25 பார் அளவிலோ அதற்கு மேலோ காட்டும். சரியான எண்ணைக் கம்பெனி கையேடு சொல்லும். மொத்த அளவைப் போலவே, நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வேறுபாடும் முக்கியம். இந்தச் சோதனையில் ஒரு எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. தளர்த்தும்போது கனமான துணியால் நட்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும், பீய்ச்சும் டீசலின் எதிரே கையைக் காட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், உள்ளே திசு அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் கொண்ட காமன் ரெயில் வண்டிகளில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுகிறாரே, அவருக்கு எதற்கு மீட்டரும் கேஜும்? அந்தத் திறமை மெய்யானது, மதிக்கத் தக்கது. ஆனால் அது என்ன வகைத் திறமை என்று பார்க்க வேண்டும். அவர் காது ஆயிரம் இன்ஜின்களைக் கேட்டுச் சேர்த்த ஒப்பீடு. அடிக்கடி வரும் கோளாறை அது மிக விரைவாகப் பிடிக்கும். அபூர்வமாக வரும் கோளாறையும், ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு கோளாறுகளையும் பிரித்தறிய அதனால் முடியாது. டைமிங் முன்னால் போன இன்ஜினும், ஒழுகும் நாசிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தட்டும். கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்த தட்டலையும் அதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. முதலிரண்டும் சில்லறை வேலை, மூன்றாவது இன்ஜின் இறக்கும் வேலை. நட்டைத் தளர்த்திப் பார்த்தால் நாசில் தட்டல் மறைந்துவிடும். பேரிங் தட்டல் பாரம் குறைவதால் மட்டுப்பட்டாலும், ஆயில் பிரஷர் கேஜ் மாட்டினால் அது அகப்பட்டுவிடும். தேர்ந்த மெக்கானிக்கின் காது எங்கே சோதிப்பது என்று சொல்லட்டும், அங்கே கோளாறு இருக்கிறதா என்பதைச் சோதனை சொல்லட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் உரிமையாளரின் பணம் காப்பாற்றப்படும்.

கோளாறு தேடும் இதே அறிவே பராமரிப்பில் எதற்கு முதலிடம் தருவது என்றும் சொல்கிறது. காற்றிலிருந்து தொடங்குவோம். 2956 சிசி இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உறிஞ்சுகிறது. 2000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 லிட்டர், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லட்சம் லிட்டருக்கும் மேல். செங்கல் சூளைப் பாதையிலும் கல் குவாரிப் பக்கமும் ஓடும் வண்டிக்கு அந்தக் காற்றோடு வரும் மண்ணெல்லாம் ஒரு தாள் ஃபில்டரைத்தான் தாண்ட வேண்டும். மண்ணிலுள்ள சிலிகா இரும்பைவிடக் கடினமானது. ஃபில்டர் ஹவுசிங்கின் ரப்பர் ஒரு மூலையில் சரியாக உட்காராவிட்டால், அந்தத் தூள் ரிங்குக்கும் லைனருக்கும் இடையே புகுந்து உப்புத்தாளாக வேலை செய்யும். ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தில் ஆபத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்தால், சுத்தமாகத் தெரியும் ஃபில்டர் வழியே மண் போகும். சில நூறு ரூபாய்த் தாளை மிச்சப்படுத்தி ரிங், பிஸ்டன் வேலைக்குப் பல்லாயிரம் கொடுப்பது நட்டக்கணக்கு.

அடுத்தது டீசல். ஓரிரு மைக்ரான் இடைவெளியில் இயங்கும் பம்புக்குத் தண்ணீரும் தூசியும்தான் முதல் எதிரிகள். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து அடியில் தங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால், டீசலோடு வரும் தண்ணீர் லைனிலுள்ள வாட்டர் செப்பரேட்டரின் அடியில் சேரும். அங்குள்ள திருகைத் திறந்து வடித்துவிடுவது சில நிமிட வேலை. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை செய்தாலே பம்பின் ஆயுள் கூடும். இங்கே நிறையப்பேர் கேட்கும் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். பழைய பம்புக்கு அது வழவழப்பைக் கொடுக்காது, அதனால் 2டி ஆயில் கலக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். இந்தக் கவலைக்கு அடிப்படை உண்டு. கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் முறையில், உலோகத்தில் ஒட்டி வழவழப்பைத் தரும் சேர்மங்களும் போய்விடுகின்றன. டீசலாலேயே உயவிடப்படும் ரோட்டரி பம்பு அதற்குப் பாதிக்கப்படக்கூடும். ஆனால் அதை ஈடுசெய்யும் பொருளைச் சேர்த்துத்தான் டீசல் விற்பனைக்கு வருகிறது. வழவழப்பை அளக்கும் சோதனையில் தேய்வுத் தழும்பு 460 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது தர விதி. எனவே நம்பகமான பங்க்கில் டீசல் போடுபவர் 2டி ஆயில் கலக்கத் தேவையில்லை. மெய்யான தொல்லை வேறிடத்தில் வருகிறது. பழைய டீசலில் ஊறி வீங்கியிருந்த ரப்பர் சீல்கள் புதிய டீசலில் சுருங்கிப் பம்பில் கசிவு விழும். அதற்கு மருந்து புது டீசலுக்கேற்ற ரப்பர் சீல் கிட். எண்ணெய் கலப்பது இன்னும் கரியைத்தான் சேர்க்கும்.

இன்ஜின் ஆயிலைப்பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிட்டது, ஆயில் மட்டம் என்று சொல்வார்கள். டீசல் எரியும்போது உண்டாகும் நுண்கரியைத் தனக்குள் மிதக்கவிட்டு, ஓரிடத்தில் படியாமல் வைத்திருப்பதே டீசல் ஆயிலின் வேலை. கறுப்பது அந்த வேலை நடப்பதன் அடையாளம். கவனிக்க வேண்டியவை வேறு. டிப் ஸ்டிக்கில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது. தேநீர் நிறத்தில் கலங்கினால் தண்ணீர். மெலிந்து டீசல் நெடி அடித்தால் ஒழுகும் நாசிலோ, பம்பின் சீலோ. இரண்டிலும் ஆயிலின் பிசுக்கு போய் பேரிங் அடிபடும். பாரம் இழுத்து வந்த டர்போ வண்டியை நிறுத்தும்போது ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைப்பதும் ஆயிலின் காரியம்தான். உடனே அணைத்தால் டர்போவின் சூடான தண்டில் நின்றுபோன ஆயில் கருகிப் படிந்துவிடும்.

சூட்டைக் கையாளும் விதத்தில்தான் நம் வெப்பநாட்டில் அதிகத் தவறு நடக்கிறது. வண்டி சூடாகிறது என்றவுடன் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நம் வெயிலுக்கு அது எதற்கு என்பது வாதம். வெளியே வெயில் 40 டிகிரி இருந்தாலும் இன்ஜின் ஓட வேண்டிய சூடு அதைப்போல் இரண்டு மடங்கு. அதற்குக் கீழே ஓடினால் டீசல் முழுதாக எரியாது, ஆயிலில் கசடு சேரும், சிலிண்டர் தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் வால்வு இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றிச் சூடு இன்னும் ஏறும். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இருபது மடங்கு குறைவாகவே சூட்டைக் கடத்துகிறது. மெல்லிய படலமே போதும், சிலிண்டர் சுவரின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தேங்கிவிடும். கூலண்டைச் சுத்திகரித்த நீரில் சரியான விகிதத்தில் கலந்து ஊற்றுவதும், ரேடியேட்டரின் வெளித்தகடுகளில் ஒட்டிய மண்ணைக் கழுவுவதும், பெல்ட்டையும் மூடியின் ஸ்பிரிங்கையும் பார்ப்பதும் ஹெட் இறக்கும் முன் செய்ய வேண்டியவை. ஹெட் கேஸ்கெட்டின்மேல் சந்தேகம் தீராவிட்டால், முற்றிலும் ஆறிய இன்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே விடாமல் குமிழி வந்தால், எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்பது உறுதி. சூடான ரேடியேட்டரைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதை மறக்கலாகாது.

இத்தனையும் செய்ய லோடு வண்டிக்காரனுக்கு நேரம் ஏது என்பது அடுத்த மறுப்பு. நியாயமான கேள்விதான். ஆனால் மேலே சொன்ன சோதனைகளில் டேங்க் மூடி, சோலினாய்டு ஒலி, செல்ஃப் சுற்று, புகை ஆகிய நான்கும் பத்து நிமிடத்தில் முடிபவை. பம்பைக் கழற்றி அனுப்பினால் வண்டி நாள்கணக்கில் நிற்கும். நேரம் குறைவாக இருப்பவருக்குத்தான் வரிசையான சோதனை இன்னும் அவசியம். அவசரத்தில் செய்யும் குறுக்குவழிகளின் விலையும் பெரிது. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே என்ற ஈத்தரை ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அடித்தால் அது நேரத்துக்கு முன்பே வெடித்து ரிங்கை உடைக்கும். இழுவை போதவில்லை என்று பம்பின் ஸ்குருவைத் திருகி டீசலைக் கூட்டினால், காற்று கூடாததால் புகையும் சூடும் ஏறும், பிஸ்டன் உருகும் நிலைவரை போகும்.

கடைசியாக, மிகக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பழைய டீசல் வண்டி நஞ்சு கக்குகிறது, அதைப் பராமரிப்பதைவிட ஸ்கிராப் போடுவதே சமூகத்துக்கு நல்லது என்பது அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பிஎஸ்-2 காலத்து இன்ஜினை எவ்வளவு துடைத்துவைத்தாலும் பிஎஸ்-6 ஆகாது. இதை மறுக்க இடமில்லை. ஆனால் இந்த வாதம் பராமரிப்பை வேண்டாததாக்கவில்லை. வண்டி சாலையில் ஓடும் ஒவ்வொரு நாளும் அது கக்கும் கரியின் அளவைத் தீர்மானிப்பது ஏர் ஃபில்டரும் நாசிலும் டைமிங்கும்தான். அடுத்த ஆண்டு கழிக்கப்போகும் வண்டியாக இருந்தாலும், இந்த ஆண்டு அதன் பின்னால் பள்ளிக்குழந்தைகள் நடக்கிறார்கள். மேலும் எப்போது கழிப்பது என்ற கேள்விக்கு நேர்மையான விடையைத் தருவதும் இதே சோதனைகள்தான். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது கம்ப்ரஷன் எல்லாச் சிலிண்டரிலும் விழுந்து, ஆயில் குடித்து, சேசிஸிலும் துரு ஊறியிருந்தால் அந்த வண்டிமேல் இனிப் பணம் போடுவது வீண். கம்ப்ரஷன் நன்றாக இருந்து புகை மட்டும் கறுத்தால், நாசில் வேலையோடு அது இன்னும் சில ஆண்டு சுத்தமாக உழைக்கும். அளந்து பார்க்காதவர் ஓடக்கூடிய வண்டியைக் கழிப்பார், கழிக்க வேண்டியதை ஓட்டுவார்.

எனவே பழைய டீசல் பிக்கப் வைத்திருப்போர் இரண்டு காரியம் செய்தால் போதும். முதலாவது, டேஷ்போர்டில் ஒரு நோட்டு வையுங்கள். போட்ட டீசல், ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய ஆயில், சேர்த்த தண்ணீர், மாற்றிய ஃபில்டர் ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். மைலேஜ் படிப்படியாகக் குறைவதும், ஆயில் செலவு கூடுவதும் வண்டி வழியில் நிற்பதற்குப் பல வாரம் முன்பே அதில் தெரிந்துவிடும். இரண்டாவது, எந்த மெக்கானிக் எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், எந்தச் சோதனை அந்தப் பாகத்தைக் காட்டியது என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்வியை வரவேற்பார், சோதனையைக் கண்முன் செய்தும் காட்டுவார். பதில் இல்லாத இடத்தில் ஸ்பானரைத் தொட விடாதீர்கள்.